நூறைத் தொடாத பேட்டரி

ஹைபிரிட் கார் வாங்கியிருக்கிறேன் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி மைலேஜ் எவ்வளவு என்பதுதான். நன்றாகவே கொடுக்கிறது. நின்று நின்று போகிற நகரச் சாலையில், நெடுஞ்சாலையைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறது. ஆனால் இந்தக் காரோடு பழகப் பழக என் மனசு போய் நின்ற இடம் வேறு. பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியை இந்தக் கார் எவ்வளவு கரிசனத்தோடு பார்த்துக்கொள்கிறது என்பதைக் கவனிக்க ஆரம்பித்தேன். அதைக் கவனித்த பிறகு, அதே காருக்குள் உட்கார்ந்துகொண்டு நாம் நம் போன்களை நடத்தும் விதம் உறுத்தத் தொடங்கியது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவதுதான் ஹைபிரிட். அதிலும் வெளியிலிருந்து பிளக் போடத் தேவையில்லாத வகை இது. இந்த வகையில் இருக்கும் பேட்டரி சின்னது; பெரும்பாலும் 1 கிலோவாட் மணி, கொஞ்சம் முன்னே பின்னே. முழு மின்சாரக் கார் ஒன்றில் இதைப்போல் ஐம்பது, அறுபது மடங்கு பெரிய பேட்டரி சாதாரணமாக இருக்கும். இத்தனை சின்ன பேட்டரி, ஒரு நாளில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியும் வருஷக்கணக்கில் உழைக்கிறது. டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் ப்ரியஸை விற்க ஆரம்பித்த காலத்திலிருந்தே இந்தக் கார்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேட்டரியை முழுக்க நிரப்பவும் மாட்டா, காலியாக விடவும் மாட்டா. ஏறத்தாழ 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில்தான் அது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். டேஷ்போர்டில் எல்லாக் கட்டமும் நிறைந்து தெரிகிற நேரத்திலும் உள்ளே இருப்பது நூறு இல்லை.

இதற்கு இரண்டு காரணம். ஒன்று, எப்போதும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தால்தான் பிரேக் போடும்போது வருகிற மின்சாரத்தை வாங்கி வைக்க முடியும். இன்னொன்று ஆயுள். லித்தியம் அயான் பேட்டரியை முழுக்க நிரப்பினால் ஒவ்வொரு செல்லிலும் மின்னழுத்தம் 4.2 வோல்ட் பக்கம் போய் நிற்கும். அந்த உயரத்தில் உள்ளே இருக்கும் திரவத்துக்கும் மின்முனைக்கும் நடுவில் நமக்கு வேண்டாத வினைகள் நடக்கும். திரும்பக் கிடைக்காத இழப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சூடும் கூடினால் அந்த வினைகள் இன்னும் வேகம் எடுக்கும். நிறைந்த பேட்டரி, சூடான பேட்டரி என்ற இரண்டும் சேர்ந்து வருவதுதான் மோசம். காரை வடிவமைத்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, அந்த நிலைமை வராமலே பார்த்துக்கொள்ளும்படி காரின் கணினிக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

குளிர்ச்சிக்கும் தனி ஏற்பாடு. நிறைய ஹைபிரிட்களில் பின் சீட்டுக்கு அருகே சின்னக் கம்பித் தடுப்பு மாதிரி ஒன்று இருக்கும். பார்ப்பவர்கள் ஏசி வருகிற துளை என்று நினைப்பார்கள். அது காற்றை வெளியே விடுவதில்லை, உள்ளே இழுக்கிறது. நாம் நமக்காகக் குளிர வைத்த கேபின் காற்றை ஒரு விசிறி இழுத்துப் பேட்டரியின் மேல் விடுகிறது. அதன் மேல் பையை வைத்து அடைத்தாலோ, துணியைப் போட்டு மூடினாலோ பேட்டரிக்கு மூச்சு முட்டும். வடிகட்டி இருக்கிற கார்களில் அதைத் தூசி தட்டி வைக்க வேண்டும். வீட்டில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்; முடி அங்கேதான் போய் அடையும்.

ஓட்டுவதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிரேக். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 1,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 135 கிலோஜூல், அதாவது 37 வாட் மணிக்குக் கொஞ்சம் மேல். சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்தால் அத்தனையும் தகடுகளில் சூடாகிப் போய்விடும். ஹைபிரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் காரை இழுத்து நிறுத்துகிறது. நிதானமாக, தூரத்திலிருந்தே பிரேக்கைத் தொட்டு நிறுத்தினால் அதில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சுமார் 20 வாட் மணி. இப்போது போனுக்கு வருவோம். 4,000 மில்லிஆம்பியர் மணி பேட்டரி உள்ள போன் ஒன்றைக் காலியிலிருந்து நிரப்ப 15 வாட் மணிதான் வேண்டும். அப்படியானால், ஒரு சிக்னலில் ஒழுங்காக நிறுத்தினாலே ஒரு போனுக்கு முழு சார்ஜ்! இதை என் மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. பேப்பரில் போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சிக்னலிலும் "இப்ப ஒண்ணு வந்திருக்கும்மா" என்று பின் சீட்டிலிருந்து கணக்குச் சொல்லிக்கொண்டு வருகிறாள்.

சடக்கென்று மிதித்தால் இது நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு ஒரு எல்லை உண்டு. அதற்கு மேல் போனால் வழக்கமான பிரேக் தகடுகள் சேர்ந்துகொள்ளும், மிச்சம் சூடாகிப் போகும். எனவே முன்னால் போகிற வண்டியோடு இடைவெளி விட்டு ஓட்டுவது இப்போது எனக்கு இரட்டிப்பு ஆதாயம்.

என் தம்பி இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டான். "அக்கா, என்ன சொன்னாலும் போன் சார்ஜ் ஆகறதும் கடைசியில பெட்ரோல்லதானே?" ஆமாம்டா, அதில் சந்தேகமே இல்லை. பிளக் இல்லாத ஹைபிரிட்டில் எல்லா ஆற்றலும் முதலில் டேங்கிலிருந்து வந்ததுதான். பிரேக்கில் திரும்பக் கிடைப்பதும் இன்ஜின் முன்பு கொடுத்த வேகத்திலிருந்து மீட்டது. ஆனால் எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. வழியில் ஆகிற எல்லாச் சேதாரத்தையும் தாராளமாகக் கழித்தாலும் ஒரு போனை நிரப்ப 10 மில்லிலிட்டர் பெட்ரோல் போதும். ஏசி எடுப்பதோடு ஒப்பிட்டால் இதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்காகக் காரில் போனை சார்ஜ் போடாமல் இருக்கத் தேவையில்லை. என் கவலை பெட்ரோல் இல்லை, போனின் பேட்டரி.

அதற்கு முன்னால், போனுக்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காரை ஓட்டுகிற பெரிய பேட்டரியிலிருந்து நேரே வருவதில்லை. அதன் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் ஓடுவது அதுதான், அவற்றைத் தொடவே கூடாது. விளக்கு, ஹாரன், கணினி, திரை, யூஎஸ்பி போர்ட் எல்லாமே பழையபடி 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. சாதாரணக் காரில் இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றுகிற ஆல்டர்னேட்டர் அந்த 12 வோல்ட் பேட்டரியை நிரப்பும். என் காரில் ஆல்டர்னேட்டரே இல்லை. பெரிய பேட்டரியிலிருந்து வருவதை இறக்கிக் கொடுக்கிற டிசி-டிசி கன்வர்ட்டர் என்ற பெட்டிதான் அந்த வேலையைச் செய்கிறது.

இங்கேதான் புதிதாக ஹைபிரிட் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டேஷ்போர்டில், கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரிந்தால்தான் அந்தக் கன்வர்ட்டர் வேலை செய்யும். பிரேக்கை மிதிக்காமல் காரைக் கிளப்பும் பட்டனை மட்டும் அழுத்தினால் திரை ஒளிரும், பாட்டு கேட்கும், போனிலும் சார்ஜ் ஏறும். ஆனால் அத்தனையும் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரியிலிருந்து போய்க்கொண்டிருக்கும். அது இன்ஜினைச் சுற்றிக் கிளப்ப வேண்டியதில்லை என்பதால் பல ஹைபிரிட்களில் அதைச் சின்னதாகவே வைத்திருப்பார்கள். போன் மட்டும் எடுத்தால் 10 வாட்டுக்கு ஒரு ஆம்பியர்கூட வராது. உடனே ஒன்றும் ஆகிவிடாது. கூடவே விழித்திருக்கும் திரைகளும் கணினிகளும்தான் அதிகம் உறிஞ்சும். அது தீர்ந்துவிட்டால், பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் கார் எழுந்திருக்காது. பெரிய பேட்டரியை இணைக்கிற ரிலே என்ற மின் சுவிட்சை மூடுவதற்கே 12 வோல்ட் வேண்டும். யாருக்காவது காத்திருக்கும்போது போனுக்கு சார்ஜ் போட வேண்டுமென்றால் ரெடியில் வைத்துவிட்டுப் போடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் அதையும் செய்யக் கூடாது: மூடிய கராஜ், காற்றோட்டம் இல்லாத இடம். ரெடியில் இருக்கும் ஹைபிரிட் சத்தமே இல்லாமல் நிற்கும். பேட்டரி இறங்கியதும் நம்மைக் கேட்காமல் இன்ஜின் தானே கிளம்பும். அதன் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிரை எடுக்கும். கார் அமைதியாக இருக்கிறது, அணைத்துவிட்டோம் என்று நினைத்து இறங்கிப் போவதும் இதே அபாயம்தான். இறங்கும் முன் ரெடி விளக்கு அணைந்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்போது பழக்கம்.

இனி போன். என் காரில் போனுக்கு சார்ஜ் கொடுக்க மூன்று வழி இருக்கிறது: அகலமான பழைய யூஎஸ்பி போர்ட், சின்ன டைப்-சி போர்ட், கியருக்கு முன்னால் இருக்கும் வயர்லெஸ் பேட்.

பழைய போர்ட்டின் அடிப்படை அளவு 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். முழு வெளிச்சத்தில் வழிகாட்டும் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு போனால் போன் செலவழிப்பதே அதற்கு மேல் போய்விடும். கேபிள் செருகியிருக்கிறது, சதவீதம் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். போனிலும் பழுதில்லை, கேபிளிலும் பழுதில்லை. டைப்-சி போர்ட்டில் 15 வாட் வரை சாதாரணமாக வரும். பவர் டெலிவரி வசதி இருந்தால் இன்னும் கூடும். போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில போர்ட் சார்ஜுக்கு மட்டும்தான். போனைக் காரின் திரையில் காட்டுகிற கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ எல்லாம் வயரில் ஓட வேண்டுமென்றால் தகவலும் போகிற போர்ட் வேண்டும். ஐபோனும் 2023இல் டைப்-சிக்கு வந்துவிட்டதால், புதுப் போன்கள் இருக்கிற வீட்டில் காருக்கு ஒரே வகைக் கேபிள் போதும். தரமான கேபிளாக இரண்டு வாங்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்துவிட்டேன்.

வயர்லெஸ் பேடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எல்லோரும் ஆசைப்பட்டு வாங்குவது அதைத்தான். பேடுக்குள் ஒரு கம்பிச் சுருள், போனின் முதுகில் ஒரு சுருள். பேடில் இருக்கும் சுருளில் மின்சாரம் நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறுகிறது. அதனால் எழும் காந்தப்புலத்தின் மாற்றம் போனில் இருக்கும் சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த அதே தூண்டல். இதற்கான 'சீ' (Qi) என்ற பொதுத் தரத்தை வகுத்தது 2008இல் தொடங்கிய வயர்லெஸ் பவர் கன்சார்டியம். முதலில் 5 வாட். பிறகு 15 வாட் வரை வந்தது.

அழகான ஏற்பாடு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு சுருளும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். சரியாக உட்கார்ந்தாலுமே அனுப்புவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகிவிடும். கார் ஒரு வளைவில் திரும்பி, போன் ஒரு விரல் அளவு நகர்ந்தால் சார்ஜ் குறையும், சூடு கூடும். 2023இல் வந்த சீ2 (Qi2) தரத்தில் காந்தம் வைத்துப் போனைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். நகர்கிற பிரச்சினைக்கு அது நல்ல தீர்வு. ஆனால் சாலையில் ஓடுகிற ஏராளமான கார்களில் இருப்பது வெறும் ரப்பர் விரிப்பு போட்ட பேடுதான்.

இப்போது ஒரு மதியப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். வெயில் கண்ணாடி வழியாக நேரே பேடின் மேல் விழுகிறது. போனில் வரைபடம் ஓடுகிறது. காரோடு வயர் இல்லாமல் இணைந்திருப்பதால் வைஃபை ஓயாமல் வேலை செய்கிறது. முதுகில் தடித்த உறை. அடியிலிருந்து சுருளின் சூடு. இத்தனையும் சேர்ந்து போனின் பேட்டரியை நூறை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. நிறைந்த பேட்டரி, சூடான பேட்டரி! கார் தனக்கு வரவே கூடாது என்று ஒதுக்கி வைத்த அதே நிலைமையில், அதன் மடியிலேயே நாம் போனை வைக்கிறோம். பின் சீட்டுக்கு அடியில் ஒரு பேட்டரி விசிறிக் காற்றில் நடு அளவில் நிம்மதியாக இருக்க, முன் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று வதங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஐபோனைப் பயன்படுத்துவதற்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. ஓரளவுக்கு மேல் சூடானால் போன்களே சார்ஜை மெதுவாக்கும், அல்லது நிறுத்தும். பேட் சரியாக வேலை செய்யவில்லை என்று பலர் சொல்வதில் ஒரு பங்கு இதுதான்: போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. வெயிலில் நிறுத்திய காரில் போனை விட்டுப் போவது இன்னும் கெடுதல். கண்ணாடி ஏற்றிய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரி கூடிவிடலாம். வெயில் நேரே படுகிற டேஷ்போர்டு அதைவிடவும் சுடும்.

அதனால் எங்கள் வீட்டில் போனைக் காரின் பேட்டரி மாதிரியே நடத்துவது என்று முடிவு செய்தோம். நீண்ட பயணத்தில் போன் கேபிளில்தான், அதுவும் ஏசி காற்று வருகிற இடத்தில் மாட்டிய தாங்கியில். எல்லோர் போனிலும் 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பைப் போட்டுவிட்டேன். ஐபோனில் 15ஆம் வரிசையிலிருந்து அது இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் பேட்டரிப் பாதுகாப்பு என்ற பெயரில் இருக்கும். மகள் முதலில் முனகினாள், 80 போதாது என்று. காரில் போகும்போது சார்ஜுக்குப் பஞ்சமே இல்லை, இறங்கும்போது 80 இருந்தால் அன்றைய நாளுக்கு எப்படிப் போதாமல் போகும்? இப்போது அவளே கேட்பதில்லை. வெளியூரில் நாள் முழுக்க அலைய வேண்டியிருந்தால் அன்றைக்கு மட்டும் நூறு வரை போடுவதில் தப்பில்லை. இறங்குவதற்குச் சற்று முன் நிரம்பினால் போதும், நிரம்பிய பிறகு மணிக்கணக்கில் சூட்டில் கிடக்கக் கூடாது.

பேடை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் இல்லை. பக்கத்தில் எங்காவது போய்வரும்போது, வெயில் தாழ்ந்த நேரத்தில், வரைபடம் தேவையில்லாத வழியில் அதுதான் வசதி. ஏறினோம், வைத்தோம், இறங்கும்போது எடுத்தோம். ஆனால் போன் உறைக்குள் வங்கி அட்டையோ திறவு அட்டையோ செருகி வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிட்டு வைக்க வேண்டும். காந்தப்புலத்தில் அட்டை கெட்டுப்போகலாம். நாணயம், கிளிப் மாதிரி உலோகம் எதுவும் நடுவில் கிடக்கக் கூடாது. அந்நியப் பொருளைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதி பேடில் இருக்கிறது என்றாலும் அதை நம்பிப் போட்டுவிடக் கூடாது, உலோகம் நன்றாகவே சூடாகும். கார் சாவியையும் பேடின் மேல் வைக்காதீர்கள். சாவி உள்ளே இருக்கிறதா என்று கார் ரேடியோ அலையில் தேடும்போது பேட் அதற்கு இடைஞ்சல். சில கார்கள் அப்படித் தேடும் நேரத்தில் சார்ஜைச் சட்டென்று நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கும்; கதவைத் திறக்கும்போது பேட் விளக்கு அணைந்து எரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கடைசியாக ஒன்று, என் அப்பாவுக்காக நான் தெரிந்துகொண்டது. அவருக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது. வயர்லெஸ் பேட் உள்ள கார்களின் கையேட்டில் இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கை போட்டிருப்பார்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பேடைப் பயன்படுத்துவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். காரைக் கிளப்பும் பட்டனை அழுத்தும்போது சாவியைத் தேடும் ஆன்டெனாக்களுக்கும் அதேபோல விலகியிருக்க வேண்டிய தூரம் குறித்திருக்கும். அவருடைய டாக்டரிடம் கையேட்டுப் பக்கத்தைக் காட்டிக் கேட்டோம். பொதுவாகப் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பேடுக்கு மேல் குனிந்து எதையும் எடுக்க வேண்டாம் என்றார். எங்கள் காரில் பேடை அணைக்கத் தனி பட்டன் இருக்கிறது. அப்பா முன் சீட்டில் ஏறினால் முதல் வேலையாக அதை அணைத்துவிடுகிறேன். அவருடைய போன் டைப்-சி கேபிளில், அவர் கைக்கு எட்டுகிற பக்கத்தில், 80 வரை ஏறி நிற்கிறது.